மூடுபனியில் ஓர் எனாமல் தட்டு

மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து என்றாலே உங்களுக்குக் கொட்டாவி வரும். அது தெரிந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன சொல்லி அழைத்து ஆரம்பிப்பது என்று தெரியாததால் தாளின் மேலே இடம் விட்டிருக்கிறேன். புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற பெண்கள் அங்கே ஏதாவது போடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. போன இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், கடிதம் எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இதுதான் முதல் கடிதம். போய்ச் சேராது என்பதும் தெரியும்.

இன்று காலை ராயபுரத்தில் பனி கொட்டியிருந்தது. மார்கழியில் வழக்கமாக வந்து ஏழு மணிக்குள் ஓடிவிடுகிற பனி இல்லை. மில் புகையும் சேர்ந்துகொண்டு, தெருமுனையில் மாதா சிலை நிற்கிற கெபியையே மறைத்துவிட்டது. பால் வாங்கச் செம்போடு வாசலுக்கு வந்தேன். கடல் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள், பனி மூடினால் மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். "நான் இங்க கீறேன், வந்து மோதிக்காதேன்னு சொல்றான்." டங், டங், டங் என்று ஈரமான சத்தம். எனக்கு அது கப்பல் மணியாகக் கேட்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், சமையலறைப் பலகையிலிருந்து அந்த எனாமல் தட்டை எடுத்துப் பார்த்தேன். நீல விளிம்பு. நடுவில், நான் கரண்டியால் அடித்து அடித்துப் பூச்சு உதிர்ந்த இடம் கறுப்பாக இருக்கிறது.

"இன்னா பொண்ணே, தட்ட எடுத்துனு நின்னுகினு கீறே?" என்று அத்தை கட்டிலிலிருந்து கேட்டார். உங்கள் அம்மாவுக்கு இப்போது குரல் பாதிதான் வருகிறது. ஒரு மாதமாக இருமல். டாக்டர் பேசவே கூடாது என்றிருக்கிறார். அத்தையிடம் அப்படிச் சொல்லத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சும்மாதான் அத்தே."

"நாளிக்கு அவன் நாளு."

"தெரியும் அத்தே."

"எனக்குத் தொண்ட போயிடுச்சி. நாளிக்கு கரைக்கு நீ போ. நீ கூப்டு."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, "பேர் சொல்லிக் கூப்டு," என்றார்.

"நானா? நான் எப்படி அத்தே அவங்க பேர..."

"நான்தான் சொல்றேன் இல்ல. நீ சொல்றதால இனிமே அவனுக்கு இன்னா ஆவப் போவுது?"

அத்தை சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பால் வாங்க மறந்துவிட்டேன்.

உங்கள் பெயரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நம் தெருவில் எந்தப் பெண்டாட்டியும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அதில் குறைபட்டுக்கொண்ட ஒரே ஆள் நீங்கள்தான். நாளைக் காலை கடலுக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. பகல் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள் வருகிறது. வாய்க்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் பி.ஏ. வரைக்கும் போனேன், ஆனால் காலேஜில் இருந்த வருஷமெல்லாம் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். நீங்கள் ஐந்தாவதோடு பட்டறைக்குப் போனவர். அப்பா உங்களைப் பார்த்தது ஒரு இழுவைப் படகில், என்ஜினுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாடிக்கொண்டிருந்தபோது. "வேல செய்யச்சே பாடறான். அவன் வூட்ல கை நீட்ட மாட்டான்," என்று அம்மாவிடம் சொன்னாராம். அவ்வளவுதான் என் கல்யாணம் நிச்சயமான விதம். படித்த பெண்ணைக் கிரீஸ் கைக்காரனுக்குக் கொடுத்தார்கள் என்று தெருவெல்லாம் பேசியது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இதையும் உங்களிடம் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். "உன்ன பி.ஏ.ன்னுதான் கூப்டுவேன். உன் பேரு சும்மா வச்சது. இதுக்குத்தான் நீ கஷ்டப்பட்டுகீறே." எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் கேட்கும்படி "இன்னா பி.ஏ., காப்பி ஆச்சா?" என்பீர்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுடும். நான் உங்களைக் கூப்பிட இருமுவேன். இல்லாவிட்டால் வளையலை ஆட்டுவேன், கதவுச் சங்கிலியை இழுப்பேன்.

லாவோஸிலிருந்து உங்கள் பெரியப்பா மகனின் கடிதம் வந்தபோது நான்தான் படித்துச் சொன்னேன். புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குப் போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போய், அந்த நாட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார் அவர். அங்கே சண்டை ஓய்ந்த மறு வருஷம் அது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன டீசல் என்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார், சரக்குப் படகில் பொருத்தி, படகுக்காரர்களுக்குப் பழக்கிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். "லாவோஸ் எங்க கீது?" என்றீர்கள். என் பழைய அட்லஸைப் பிரித்துக் காட்டினேன். விரலை வைத்தால் நாடே மறைந்துவிட்டது. அதன் ஓரமாக நீலக் கோடாக மீகோங் நதி. "இம்மாந்துண்டு நாட்டுக்கு இம்மாம் பெரிய ஆறா? போவலாம் பி.ஏ." என்றீர்கள். போகலாம் என்று சொன்னதில் நானும் சேர்த்தி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்கள் பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பொண்டாட்டியோட கப்பல் ஏற நீ இன்னா தொரையா?" பட்டறையில் உங்கள் தோஸ்து கேட்டதை நீங்களே வந்து சொல்லிச் சிரித்தீர்கள்.

"இன்னா மாமு, ஸ்பேர் பார்ட்டையும் இட்டுகினு போறியாமே?"

"ஆமாண்டா. இங்க வுட்டா துரு புடிச்சிடும்."

கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் போனோம். கரை விலகும்போது ராயபுரம் கோயிலின் உச்சிச் சிலுவை தெரிந்தது. அதற்குக் கீழே எங்கேயோ நம் வீடும், வாசலில் அத்தையும். பினாங்கில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் இந்தத் தட்டை வாங்கினீர்கள். சயாம் தேசம் முழுக்க ஜன்னலோரம் எனக்கு. ரயில் முடிந்த இடத்தில் ஒரு லாரி, லாரி முடிந்த இடத்தில் அந்த ஆறு. அக்கரையில் தெரிந்ததைக் காட்டி, அதுதான் வியஞ்சான், நாட்டின் தலைநகர் என்றார்கள். நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம தண்டையார்பேட்ட பெரிசு," என்றீர்கள்.

நான் இப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். போன வாரம் ஆசியா பாடம். ஒரு மாணவி வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டு, "டீச்சர், இந்த ஊருக்கெல்லாம் யாராவது போவாங்களா?" என்று கேட்டாள். நான் போயிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பது முகங்களும் என்னைப் பார்த்தன. "போவார்கள்," என்று சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டேன்.

சொல்லியிருந்தாலும் என்ன? இந்த ஊரில் அந்த ஆற்றைப் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் போன பிறகு நான் ஒருத்தி. நான் தப்பாகச் சொன்னால் திருத்தக்கூட ஆளில்லை. நாம் போன படகின் கூரைக்கு ஏதோ ஒரு வண்ணம் பூசியிருந்ததே, அது பச்சையா, நீலமா? பல நாளாக யோசிக்கிறேன். நீலம் என்று நினைத்தால் நீலமாகத் தெரிகிறது, பச்சை என்றால் பச்சையாகிறது. இதை யாரிடம் போய்க் கேட்பேன்? நீங்கள் இருந்தால் பாதித் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பீர்கள்.

மற்றது நன்றாக நினைவிருக்கிறது. நீளமான மரப்படகு. முன்னால் துணி மூட்டைகள், உப்பு மூட்டைகள். நடுவில் உங்கள் என்ஜின். அதை ஒட்டி நாம் படுக்க ஒரு பலகை. பின்னால் சுக்கான் பிடிக்கிற பெரியவரும், எல்லோருக்கும் சமைக்கிற அவர் மனைவியும். கழி ஊன்ற இரண்டு ஆட்கள். அந்த அம்மாளை எல்லோரும் 'மே' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். "நம்ம ஊரு 'இன்னாமே'தான், சுளுவா கீது," என்று நீங்களும் கூப்பிட ஆரம்பித்தீர்கள். உங்களை அவர்கள் 'சாங்' என்றார்கள், மெக்கானிக் என்று பொருள். நீங்கள் சந்தையிலும் துறையிலும் பேச்சுக் கொடுத்தே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் வழக்கம்போல் சிரித்து மட்டும் வைத்தேன்.

மூங்கில் கூடையில் ஒட்டுகிற சோறு வரும். உருட்டிச் சாப்பிட வேண்டும். மே ஜாடியைத் திறந்தால் ஊறின மீன் வாடை படகெல்லாம் அடிக்கும். நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினால், "காசிமேடு பி.ஏ. இது. ஊருக்குப் போன மாரி நெனச்சிக்கோ," என்பீர்கள். ராத்திரி மணல்திட்டில் படகைக் கட்டுவார்கள். விடியும்போது ஆறே தெரியாமல் பனி மூடியிருக்கும். வெயில் ஏறி அது கலைந்த பிறகுதான் என்ஜினைக் கிளப்புவீர்கள்.

என்ஜின் ஓடும்போது என் இருமலும் வளையலும் எடுபடவில்லை. சாப்பிடக் கூப்பிட வழியில்லாமல் ஒரு நாள் இந்தத் தட்டைக் கரண்டியால் அடித்தேன். எண்ணெய் முகத்தோடு நிமிர்ந்து பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று தட்டு தட்டினால் சாப்பாடு. கழிக்காரர்கள் என்னைப் பார்த்ததும் கையால் தட்டு அடிக்கிற மாதிரி காட்டிச் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வழியில்லை. நான் ஜெபப்புத்தகத்தை வைத்துக்கொண்டு புனிதர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி வேண்டுகிற அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனையைச் சொல்லுவேன். ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பீர்கள். அந்த வரிசையில் உங்கள் பெயர் கொண்டவரும் வருவார். அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிடும். நீங்கள் அதற்கும் பக்தியாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்று சொல்லிவிட்டு, "பாவம், எங்க சாமிக்கு மட்டும் எப்பவும் சளி," என்பீர்கள். ஜெபத்தின் நடுவில் சிரித்ததற்கு நான் தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொள்வேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டீர்கள்.

"ஒரு தபா சொல்லேன்."

"என்ன?"

"எம் பேரு."

"சும்மா இருங்க."

"இங்க யாரு கீறா? மேவுக்கு தமிழ் தெரியுமா, இல்ல இந்த ஆத்துக்குத் தெரியுமா? எங்கம்மா ராயபுரத்துல கீது. அதும் காது இம்மாந்தூரம் வராது."

"கடவுளுக்குத் தெரியும்."

"வச்ச பேர கூப்டா அவரு கோச்சிக்குவாரா?"

நான் வெங்காயம் உரித்தேன். அதற்குப் பிறகு நல்ல இடமாக வரும்போதெல்லாம் கேட்டீர்கள். அருவி விழுகிற பாறைக்கு எதிரில் கேட்டீர்கள். புத்தர் கோயிலின் நூற்றுக்கணக்கான படிகளில் எனக்கு மூச்சு வாங்கியபோது, "சொன்னா தூக்கினு போறேன்," என்றீர்கள். எனக்கும் ஆசைதான். அதை உங்களுக்குத் தெரியக் காட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நாக்கின் நுனி வரைக்கும் வரும்.

பிறகு அந்தப் பனி நாள். மணல்திட்டில் படகு கட்டியிருந்தது. விடிந்ததும் முகம் கழுவிவிட்டு, மணலின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவதாகப் போனீர்கள். வானம் தெளிவாகத்தான் இருந்தது. நான் அடுப்பை ஊதி நிமிர்வதற்குள் ஆற்றின் மேலிருந்து பனி உருண்டு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. படகின் முனையில் நின்ற கழிக்காரர் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. அந்த மணல் நம் கடற்கரை மாதிரி இல்லை. ஓரங்கள் தண்ணீரில் அரிந்து கிடக்கும். கால் வைத்தால் பாளம் பாளமாக ஆற்றில் சரியும். அடியில் இழுப்பு.

அவர்கள் "சாங்! சாங்!" என்று கூவினார்கள். எதிர்க்கரை மலையில் பட்டு அந்தக் குரல் நாலா பக்கமிருந்தும் திரும்பி வந்தது. தூரத்தில் நீங்கள் ஏதோ பதில் சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த முறை அது வேறு பக்கமிருந்து வந்தது. அப்புறம் வரவில்லை. பெரியவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். மே என் தோளைப் பிடித்துப் படகின் முனைக்குத் தள்ளிக்கொண்டு போய், என் வாயைத் தொட்டுக் காட்டினார். நீ கூப்பிடு.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சொல்லக்கூடாது என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. குரலே இல்லை. காலேஜ் வகுப்பில் பதில் தெரிந்தும் குரல் எழும்பாமல் போகுமே, அதேபோல். மே என்னை உலுக்கினார். நான் திரும்பி ஓடி, இந்தத் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து அடித்தேன். பூச்சு தெறித்து முகத்தில் விழுந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன்.

இடுப்பு வரைக்கும் நனைந்து, பனியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். முதலில் தெரிந்தது உங்கள் பல்தான். "தட்ட அடிச்சி கூப்ட நான் இன்னா கோழியா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் படகில் ஏறிய நீங்கள் என்ஜின் பக்கம் போகாமல் அடுப்பருகே உட்கார்ந்துவிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் கரை கிராமத்தில் மே உங்களுக்குச் சடங்கு செய்தார். பயந்தவன் உடம்பிலிருந்து உயிர் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டிருக்குமாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, அதை உள்ளே நிறுத்த வேண்டுமாம். சொந்தக்காரர் கூப்பிட்டால்தான் அது சீக்கிரம் வருமாம். நீங்கள்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னீர்கள். மே என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. தட்டை எடுத்து வரச் சொல்லி, என் கையில் கொடுத்து, மெதுவாக ஒரு தட்டு தட்டச் சொன்னார். அப்புறம் உங்கள் கையிலும் என் கையிலும் நூல் கட்டினார்.

திரும்பிப் படகுக்கு நடக்கும்போது சிரிக்காமல் பேசினீர்கள். அப்படி நீங்கள் பேசிக் கேட்டது குறைவு. "மணல்ல நின்னுகினு கீறேன் பி.ஏ. காலுக்குக் கீழ தரை போவுது. சுத்தியும் கூவறானுங்க. ஒண்ணுகூட என்னைக் கூப்டற மாரி இல்ல. சாங்னா எந்த மெக்கானிக்கும்தான். தட்டு சத்தம் கேட்டுச்சி. அது எனக்கு மட்டும்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் ஒரு தபா சொல்லு," என்றீர்கள்.

"ஊருக்குப் போய்ச் சொல்றேன்."

"அங்க எங்கம்மா கீதே!"

"அதனால்தான்," என்றேன். உங்களுக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

என்ஜின் வேலை முடிந்து ஊருக்கு வந்தோம். கையிலிருந்த நூலைப் பார்த்து அத்தை, "இன்னாடா இது, அஞ்ஞானிங்க கயிறு?" என்றார்.

"உயிரு ஓடிப்போவாம இருக்க ஒரு அம்மா கட்னது."

"உயிரு ஓடறதுக்கு இன்னா, பொட்டக் கோழியா?"

நீங்கள் தட்டுக் கதையை அத்தைக்கு நடித்தே காட்டினீர்கள். என்னைப்போல் அடித்து, உங்களைப்போல் பனியில் தடவி வந்து. பட்டறையில், கோயில் வாசலில், யார் கிடைத்தாலும் அந்தக் கதைதான். நான் உள்ளே போய் ஒளிந்துகொள்வேன். பெயரைச் சொல்லத்தான் நேரம் வாய்க்கவில்லை. ஒரே அறை, ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் அத்தை. நீங்கள் கண்ணாலேயே கேட்பீர்கள். நான் திரையைக் காட்டுவேன். நூல் நைந்து அறுந்து விழும்வரை அந்த விளையாட்டு நடந்தது. பிறகும் நடந்தது. நமக்கு நிறைய நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் வைக்க ஆரம்பித்திருந்த சமயம். நீங்கள் பொருத்திய என்ஜினை ஓட்டிப் பார்க்கக் காசிமேட்டுக் கரையிலிருந்து படகில் போனீர்கள். எண்ணூர்ப் பக்கம் அலை கவிழ்த்துவிட்டது. உங்களோடு போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள்.

செய்தி வந்ததும் அத்தையும் நானும் ஓடினோம். கடலில் காணாமல் போனவனைக் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அத்தை தண்ணீரில் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்று கூப்பிட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் பக்கத்தில் போய் நின்றேன். இந்தத் தடவை எனக்குக் குரல் வந்தது. உங்கள் பெயரின் முதல் எழுத்துக்கு உதடு கூடிவிட்டது. அதற்குள் அத்தை ஈரக் கையால் என் வாயைப் பொத்திவிட்டார்.

"சொல்லாதே! நீ சொல்லக்கூடாது. அவன் உசுரு இன்னும் கீது!"

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நிமிஷத்தில் நானும் அதைத்தான் நம்பினேன். வீட்டுக்கு ஓடித் தட்டை எடுத்து வந்தேன். இருட்டும்வரை அடித்தேன். பி.ஏ. படித்த பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசினார்களாம். இரண்டு நாள் அடித்தேன். அலைச் சத்தத்தில் அது எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்? ஆறு வேறு, கடல் வேறு.

உங்களுக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவர்த்தி கொண்டு போகும்போது நாங்கள் இரண்டு பேரும் கரைக்குப் போகிறோம். மணலில் குழி தோண்டி உள்ளே வைத்தால்தான் சுடர் நிற்கிறது. உங்கள் நாள் வந்தால் அத்தை கூப்பிடுவார். ஒவ்வொரு வருஷமும் நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இன்று காலை வரைக்கும் அத்தை உங்களை உயிரோடுதான் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். நீ சொல் என்று என்னிடம் சொன்ன அந்த நிமிஷம்தான் விட்டுவிட்டார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. கஞ்சி கொண்டு போனேன். வாங்கிக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். அன்று என் வாயைப் பொத்திய கை அது. இப்போது சருகு மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் விளக்கு வைக்கும்போது கரகரத்த குரலில், "தட்டையும் எடுத்துனு போ. அவனுக்கு அதான் பழக்கம்," என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. இவ்வளவு எழுதியும் அதைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். சொல்ல முடியுமா என்பது இல்லை, சொல்லிவிடுவேன். மே கட்டிய என் நூல் ஜெபப்புத்தகத்துக்குள் இருக்கிறது, அதைக் கையில் சுற்றிக்கொண்டு போவேன். ஆனால் உங்கள் பெயரை என் குரலில் நீங்கள் கேட்டதே இல்லையே. அத்தையின் குரல் தெரியும், பட்டறைக் குரல்கள் தெரியும். கடலுக்குள் எத்தனையோ குரல் வந்து விழும். அதில் இது உங்களுக்கு மட்டும் என்று எப்படித் தெரியும்? அதனால் முதலில் மூன்று தட்டு தட்டுவேன். அப்புறம் பெயரைச் சொல்வேன். அதை இந்தத் தாளிலும் எழுதவில்லை. முதல் தடவை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அத்தைக்குப் பொண்ணு. என்னைப் பி.ஏ. என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது. அதனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு நான் சொல்லி முடித்ததும், எங்கே இருந்தாலும், "இன்னா பி.ஏ.?" என்று ஒரு தடவை கேளுங்கள். சத்தமாக வேண்டாம். எனக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. கேளுங்கள்.